சுற்றக் கூடாத புரொப்பெல்லர்

அக்காவுக்குத் தெருவில் சம்மட்டி என்று பெயர். வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. வாய் திறப்பதற்கு முன்னால் கை நீளும் அவளுக்கு. பட்டறையில் இன்ஜின்களைப் பிரித்து மாட்டி உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அந்தக் கையால் ஒன்று வாங்கியவனுக்குச் சாயந்திரம் வரை அந்தப் பக்கத்துக் காது கேட்காது. அதிகம் வாங்கியவள் தங்கைதான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, கைக்கு எட்டும் தூரத்திலேயே கன்னம். முப்பது வயதைத் தாண்டியும் வாங்கிக்கொண்டிருந்தாள். வெளியாள் யாராவது தங்கையை ஒரு சொல் சொன்னால் அவனுக்கும் அதே கைதான் விழும். பாசம் இல்லாமலா? இருந்தது. அதையும் கையாலேயே காட்டித் தொலைத்தாள், மகராசி.

தங்கை மரவேலைக்காரி. அந்த வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து பழைய போர் விமானம் ஒன்றைச் சின்ன அளவில் செய்திருந்தார்கள். சின்னது என்றால் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். கட்டில் நீளத்துக்கு இறக்கை, மூக்கில் நிஜமான பெட்ரோல் இன்ஜின். மாதிரி விமானப் போட்டியில் முதலில் மேஜைமேல் வைத்து, அசலின் அச்சாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்காக ஓர் அழகான மர புரொப்பெல்லர். பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டு, கடையில் வாங்கிய முரட்டு புரொப்பெல்லரை மாட்டிப் பறக்கவிடுவார்கள். எல்லோரும் செய்வது அதுதான்.

அந்த அழகு புரொப்பெல்லரைத் தங்கை செய்யும்போது பார்க்கவேண்டும். கறுப்பு மரத்தில் ஒரு பட்டை, வெளிர் மரத்தில் ஒரு பட்டை என்று மாற்றி மாற்றிப் பசை தடவி அடுக்குவாள். அடுக்கும்போதே சீட்டுக்கட்டைப் பிரிப்பதுபோல் ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி வைத்து, கிளாம்ப் போட்டு முறுக்கிவிடுவாள். காய்ந்தபின் இழைக்க இழைக்க, உள்ளே இருந்த பட்டைகள் வரிவரியாக வளைந்து மேலே வரும். இரண்டு பிளேடிலும் வரிகள் ஒன்றுபோல் விழுந்தால் செதுக்கியது சரி. ஒரு வரி கோணினாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்படி இழைத்து முடித்த அன்றுதான் வினை வந்தது. அவள் தேய்த்த மரத்தூள் பறந்து, அக்கா பிரித்துப் போட்டிருந்த கார்புரேட்டருக்குள் விழுந்துவிட்டது. அக்காவுக்குத் தலைக்கேறியது. கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசி அடித்தாள். கிடைத்தது அந்த புரொப்பெல்லர். தங்கை முகத்தை மறைக்கக் கையைத் தூக்க, முழங்கைக்குக் கீழே விழுந்த அடியில் புரொப்பெல்லரின் ஒரு பிளேடு பாதியில் முறிந்தது. போட்டிக்குள் புதிதாக ஒன்று செய்து வை என்று சொல்லிவிட்டு அக்கா பட்டறைக்குப் போய்விட்டாள்.

எந்தக் கையால் செய்வது? வலது கை உரலாக வீங்கிக் கிடந்தது. இழைப்புளியைப் பிடித்தால் உயிர் போனது. இரண்டு நாள் பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் முறிந்த துண்டுகளையே சேர்த்து ஒட்டி, மேலே தேய்த்து, ஒட்டுத் தெரியாமல் மெல்லிய தூரிகையால் வரிகளை வரைந்தாள். வார்னிஷ் அடித்ததும் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மேஜைமேல் சும்மா நிற்கப்போகிறது, சுற்றவா போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “புதுசா?” என்றாள். தங்கை “ம்” என்றாள். ஒரே ஓர் எழுத்துப் பொய்.

போட்டி மைதானத்தில் நடுவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மேஜைச் சுற்றில் முதலிடம் கொடுத்தார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். அங்கேதான் வந்து சேர்ந்தார் பல்டாக்டர், போன வருஷம் ஜெயித்தவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் அந்த மனிதர்.

“அழகாத்தான் இருக்கு. சுத்துமா, இல்ல ஷோகேஸ்ல வைக்கத்தானா?”

சம்மட்டியிடம் கேட்கிற கேள்வியா இது? அக்கா கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டிக்குள் எறிந்தாள். கடை புரொப்பெல்லர் வேண்டாம், இதோடேயே பறக்கும் என்றாள்.

“அக்கா, வேணாம்க்கா. அது காட்டறதுக்கு மட்டும்தான்.”

“நீ செஞ்சத நீயே நம்பலன்னா வேற யாருடி நம்புவா?” என்றாள் அக்கா. பிறகு நாலு பேருக்குக் கேட்கும்படி, “என் தங்கச்சி செஞ்சது” என்றாள்.

பிறந்ததிலிருந்து அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. அது ஒட்டினது என்று சொல்ல அதைவிட மோசமான நேரம் வாய்க்குமா? தங்கை தன் வீங்கிய கையைப் பார்த்தாள். விமானம் நகராமல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அக்கா பிளேடைத் தட்டிவிட்டாள். இன்ஜின் இருமியது. மறுபடி தட்டினாள், பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில், சுற்றுகிற பிளேடுக்கு நேராக உட்காரக் கூடாது என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் அவள். அன்றைக்குப் பெருமையில் அதையும் மறந்து, அங்கேயே மண்டியிட்டு வேகத்தைக் கூட்டினாள். சத்தம் ஏற ஏற, நடுவில் டிக் டிக் என்று ஒன்று தங்கையின் காதில் விழுந்தது. பசை விடுகிற சத்தம் அவளுக்குத் தெரியாதா?

வாலை விட்டாள். எழுந்த வேகத்தில் அக்காவின் இடுப்பில் ஓங்கி ஓர் உதை விட்டாள். அதுவரை அக்காமேல் விரல்கூட வைத்தவள் இல்லை. அக்கா குப்புறப் போய் மண்ணில் விழுந்தாள். உதைத்த வேகத்தில் தங்கையும் அதே இடத்தில் தடுமாறி முட்டிபோட, பிளேடு தெறித்தது. தங்கையின் காதோரம் தோலைக் கிழித்துக்கொண்டு போய், பின்னால் இருந்த பிளைவுட் பலகையில் குத்தி நின்றது. ஒற்றைப் பிளேடோடு இன்ஜின் பேய்பிடித்த மாதிரி உதறி, விமானத்தின் மூக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தது.

மண்ணிலிருந்து எழுந்த அக்காவின் கண்ணில் பட்டது இரண்டே இரண்டு. உதைத்த தங்கை, உடைந்த விமானம்.

பிறகு விழுந்ததெல்லாம் கணக்கில் அடங்காது. முதல் அறையிலேயே தங்கையின் உதடு கிழிந்தது. விழுந்தவளைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தாள். வேண்டுமென்றே செய்தாயா, எத்தனை நாள் வஞ்சம் என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். பல்டாக்டர் குறுக்கே புகுந்தார். முழங்கை பட்டு அவருடைய முன்பல்லே ஆடிவிட்டது. தங்கை தடுக்கவுமில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை.

நடுவர்தான் பலகையிலிருந்து பிளேடைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தார். பலகையில் அது குத்தியிருந்த உயரத்தையும், அக்கா மண்டியிட்டிருந்த இடத்தையும் கையால் காட்டினார். கழுத்து உயரம். அக்கா பிளேடை வாங்கிப் பார்த்தாள். இன்ஜின் வேலை பார்க்கிறவளுக்கு முறிவைப் படிக்கத் தெரியாதா? புது முறிவு இல்லை, காய்ந்த பசை பளபளத்தது. மேலே இருந்த வரி மரத்துக்குள் இறங்கவே இல்லை, வெறும் சாயம். எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாள். தங்கையின் வீங்கிய கையைப் பார்த்தாள். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா அடிப்ப.”

தங்கையின் காதோரத்திலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அக்கா கையை நீட்டினாள். தங்கை கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

“அடிக்கலடி” என்றாள் அக்கா.

அவள் கையை இறக்கி வெகுநேரமான பிறகும் தங்கை நிமிரவில்லை.