இரும்பு வளையத்துக்குள் நின்ற தண்ணீர்

"மாடு கட்டி மெறிச்ச எடத்துல தண்ணி நிக்காம இன்னா பண்ணும்?"

"அந்த எடத்த கை காட்னதே நீங்கதான அண்ணி!"

"கதிரு வாங்கிக்கினு நிக்குது சாமை. அது நடுவுல எறங்கி மெறிக்கச் சொல்றியா?"

"மிஷினு பின்னாடியே ஏறிக்கினு வருது. இப்ப வந்து சொன்னா?"

1

வெள்ளிமலை பஸ்ஸில் என் முன்சீட்டில் கேட்ட சண்டை இது. கொண்டை ஊசி வளைவில் எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு லாரி ஜேசிபியைச் சுமந்துகொண்டு முனகி முனகி ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் வழியிலேயே இறங்கிவிட்டார்கள். மீதியை நான்தான் எழுதியாக வேண்டும். பெயர்களும் நான் வைத்தவை: அண்ணி பாப்பாத்தி, கொழுந்தன் சுப்புராயன்.

2

எனக்குப் புரிந்தது இவ்வளவு. சரிவில் மேல்காடு பாப்பாத்தியுடையது. கீழ்க்காடும் அதிலிருக்கும் கிணறும் சுப்புராயனுடையவை. இரண்டு காட்டுக்கும் பொதுவாக, மழைத்தண்ணீரைத் தேக்க, ஒரு பண்ணைக்குட்டை வெட்டப் போகிறார்கள், பாப்பாத்தி நிலத்தில். வெட்டுவதற்கு முன் இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் நின்றது. அப்படியானால் குட்டையிலும் நிற்கும் என்று முடிவாகிவிட்டது.

[இங்கே மண்ணைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். "கதைன்னு சொல்லிட்டு பாடம் நடத்தற" என்றாள் என் வீட்டுக்காரி. எடுத்துவிட்டேன். ஒரு வரி மட்டும் இருக்கட்டும்: ஒரே சரிவில் கொஞ்சம் தள்ளிப் போனாலே மண் தண்ணீர் குடிக்கும் வேகம் மாறிவிடும்.]

வளையம் இறக்கிய இடம், எருவுக்காக மாட்டுப்பட்டி போட்டிருந்த இடம். குளம்பு மிதித்து மிதித்து இறுகிய மண். மற்ற இடமெல்லாம் சாமைக் கதிர். யார்தான் கதிரை மிதிப்பார்கள்? நானும் பட்டியைத்தான் காட்டியிருப்பேன்.

3

சுப்புராயன் மீசையைத் தடவியபடி மனசுக்குள் கணக்குப்

இல்லை. பஸ்ஸில் அண்ணியின் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன். அவனை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது. குட்டையில் நிற்காத தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி எங்கே போகும்? சரிவில் கீழே இருக்கும் கிணற்றுக்கு. நிலம் போவது அவளுக்கு, தண்ணீர் வருவது இவனுக்கு. இது அவனுக்குத் தெரியுமா? பஸ்ஸில் அவன் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதனால் அவளைக் கேட்க வைக்கிறேன்.

4

ஜேசிபி லாரியிலிருந்து இறங்கிவிட்டது.

"எங்கம்மா வெட்டணும்? சாயங்காலத்துக்குள்ள சின்னசேலம் போவணும்" என்றார் டிரைவர்.

பாப்பாத்தி வளையத்தைத் தூக்கிக்கொண்டு சாமைக்குள் இறங்கினாள். கதிர்கள் காலடியில் முறிந்தன. கல்லால் அடித்து வளையத்தை இறக்கி, குடத்தைக் கவிழ்த்தாள். அவள் நிமிர்வதற்குள் தண்ணீர் காணாமல் போயிருந்தது.

"இங்க குடிக்குது, அங்க நின்னுச்சி. எத நம்பறது அண்ணி?"

"மாடு மெறிச்சது மேலாப்புலதான். அரையாளு ஆழம் போனா எல்லாம் இதே மாதிரி தண்ணி குடிக்கற கப்பி மண்ணுதான்."

"இப்ப வுட்டா மிஷினு திரும்ப வராதுங்க. கெணறு வத்தற வெயில் காலத்துல ரெண்டு வூடும் கொடத்த தூக்கிக்கினு அலையணும்."

"சரி, வெட்டட்டும். நிக்காத தண்ணி எங்க போவும் தம்பி?"

சுப்புராயன் சரிவில் கீழே தெரிந்த தன் கிணற்றைப் பார்த்தான்.

"சொல்லேன். ஒன் கெணத்துக்குதான?"

அவன் கவிழ்ந்து கிடந்த குடத்தை நிமிர்த்தி வைத்தான்.

"அப்ப குட்ட காஞ்சா ஒன் கெணத்துல பாதி நானு எறைச்சிக்கறேன். சரியா? டிரைவரு காதுல வுழற மாதிரி சொல்லு."

5

முடிவு அ: "எறைச்சிக்கங்க அண்ணி" என்றான். (எழுதிவிட்டேன். கூடப்பிறந்தவர்களே கிணற்று முறைக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்தவன் நான். நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: பாப்பாத்தி இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினாள். (கோடையில் குடம் தூக்கப்போவது நானில்லையே. இதை எழுத எனக்கு என்ன உரிமை?)

முடிவு இ: "அண்ணி, எறைக்கறது இருக்கட்டும், மொதல்ல வூட்ல அண்ணன ஒரு வார்த்த கேட்டு" என்று ஆரம்பித்தவன்

இதற்கு மேல் எனக்கு எழுத ஓடவில்லை. டிரைவர் இன்ஜினைப் போட்டுவிட்டார். ஜேசிபியின் வாளி பட்டிக்கு நேராகத் தூக்கியே நிற்கிறது. பாப்பாத்தி அதன் கீழே நின்று கொழுந்தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மேட்டில் காடு இருப்பவர்களும் சரி, பள்ளத்தில் கிணறு இருப்பவர்களும் சரி, அவன் என்ன சொல்கிறான் என்று கீழே எழுதுங்கள். எது நியாயம் என்று எழுத வேண்டாம். அது உங்கள் கிணறாக இருந்தால் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள்.