லீப் வருஷத்து மே மரம்

லியோபா வீட்டு மழைநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்த பிர்ச் மரத்தைப் பார்த்து ஊரே சிரித்தது.

ஏப்ரல் கடைசி ராத்திரியில் பையன்கள் ஒரு பிர்ச் மரத்தை வெட்டி, வண்ணக் காகித நாடாக்கள் கட்டி, மனசுக்குப் பிடித்தவள் வீட்டு வாசலில் நிறுத்துவார்கள். ரைன் நதிக்கரை ஊர்களில் அதுதான் வழக்கம். மே முழுக்க யார் வைத்தது என்று ஊர் குடைந்துகொண்டே இருக்கும். ஜூன் முதல் தேதி வைத்தவனே வந்து மரத்தை இறக்க வேண்டும். பெண்ணின் அப்பா அவனுக்கு ஒரு பெட்டி பீர் கொடுப்பார். லீப் வருஷம் மட்டும் முறை மாறும். பெண்கள்தான் பையன்களுக்கு வைக்க வேண்டும்.

இது லீப் வருஷம். மரம் நிற்பதோ ஒரு பெண்ணின் வீட்டில்.

"காலண்டர் பாக்கத் தெரியாத மடையனுக்கெல்லாம் காதல் கேக்குதாம்!" என்று ரொட்டிக் கடையில் ஒருவர் சொல்ல, வரிசையே சிரித்தது. ஹென்ரிக்கேவும் சிரித்தாள். கையில் ரொட்டிப் பை வியர்வையில் நமுத்துப்போனது. அந்த மரத்தை வைத்தவளே அவள்தான்.

தினமும் காலையில் பஸ்ஸில் லியோபா அவள் பக்கத்தில்தான் உட்காருவாள். தோள் உரசும். லியோபாவின் தலைமுடியில் ஆப்பிள் ஷாம்பு வாசம். "யாரா இருக்கும்ங்கற?" என்று ஒருநாள் கேட்டாள். "எவனோ" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்த ஒரு வார்த்தைக்காக ஹென்ரிக்கே ராத்திரி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மே முடிகிற ராத்திரி அண்ணன் ஃபைட்டின் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். போ."

"லியோபா வீட்டு மரம் இருக்கில்ல... அந்த மடையன் நான்தான்."

அவன் எழுந்து விளக்கைப் போட்டான்.

"அப்ப போன மாசம் என்கிட்ட டிராக்டர் சாவி வாங்கினது ஸ்கூல் வேலைக்கு இல்ல?"

"இல்ல."

"நான்தான்டி அந்த மடையன ஊர்லயே அதிகமா கிண்டல் பண்ணினேன். வாய மூடுடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். "நாளைக்கு யாரும் வரலன்னா அவங்கப்பா அறுத்து விறகாக்கிடுவாராம். போனா அவளுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் பஸ்ல வேற சீட்டுல போய் உக்காந்துட்டா?"

"நான் கூட வரட்டா?"

வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். "வெச்சவதான் இறக்கணும்."

காலையில் தெருமுனை திரும்பும்போதே ரம்பச் சத்தம் கேட்டது. ஓடினாள். லியோபாவின் அப்பா கெரியோன் அடிமரத்தில் ரம்பத்தை வைத்திருந்தார். வேலி ஓரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹென்ரிக்கே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்றாள் மரத்தடியில் நின்ற லியோபா.

"எதுக்கு? வருஷத்தையே தப்பா எண்ணினவன், தேதிய எங்க ஞாபகம் வெச்சிருக்கப் போறான்?"

"யாரும் தப்பா எண்ணல. லீப் வருஷம்னா பொண்ணுங்க முறைதானே? சரியாத்தான் வெச்சிருக்காங்க."

ரம்பம் நின்றது. வேலியோரத்துச் சிரிப்பும் நின்றது.

லியோபா அப்பாவைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்தாள். காது மடல் வரை சிவந்திருந்தாள்.

"என்னடி அங்கயே நிக்கற? ஒரு மாசமா காத்துக்கிட்டு இருக்கேன். ஏணி வேணுமா?"

ஹென்ரிக்கே கேட்டைத் திறந்துகொண்டு மரத்தடிக்கு வந்தாள்.

கெரியோன் ரம்பத்தைச் சுவரில் சாய்த்தார். மகளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"பீர்ப் பெட்டி கனமா இருக்கும்" என்றார் கடைசியில். "ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க."

மரத்தை இறக்கினார்கள். மழையில் காகிதச் சாயம் ஓடி, வெள்ளைச் சுவரில் நீலக் கோடுகள் இறங்கியிருந்தன.

"நான் கழுவிடறேன்" என்றாள் ஹென்ரிக்கே.

"தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிருவேன்" என்றாள் லியோபா.