கூப்பிடாத சாயங்காலம்

கொரோ தீவில் யார் வீட்டு வாசலைக் கடந்து போனாலும், உள்ளே இருப்பவர்கள் “வா, சாப்பிடு!” என்று குரல் கொடுக்க வேண்டும். போகிறவர் “சாப்பிட்டாச்சு” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். சட்டியில் ஏதாவது இருக்கிறதா என்பதெல்லாம் வேறு விஷயம். அந்த அழைப்பை நம்பி யாரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள்.

வாசேமதாவும் எல்லோரையும் கூப்பிட்டாள், கொழுந்தன் எரோனியையும் சேர்த்துத்தான். அவன் மட்டும் பதில் சொல்வதில்லை. அண்ணனின் படகு எஞ்சினை இரவல் வாங்கிப் போய்க் கடலில் போட்டுவிட்டு வந்த மகராசன். தப்பு செய்தவன் மன்னிப்புக் கேட்டுக் கொடுக்கிற யங்கோனா வேரை ஒரு கட்டு கொண்டுவந்து ஊர் வழக்கப்படி அண்ணன் முன்னால் வைத்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். வறட்டு கௌரவம் விடவில்லை. அண்ணன் அபிசாய் பக்கவாதத்தில் படுத்த பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனான்.

“தம்பி வரானா பாரு” என்று அபிசாய் பாயில் கிடந்தபடி தினமும் கேட்பார். கண்ணை மூடுவதற்குள் அவனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அதற்காகவே அவள் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவளால் முடியவில்லை. தோட்டத்தில் களை பிடுங்கி, அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, துணி அலசி, இடுப்பு விட்டுப்போயிருந்தது. எரோனி கத்தியும் கூடையுமாக வருவது தெரிந்தது. போ, எங்கேயோ போய்த் தொலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

காலடிச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. நின்றது. திரும்பி வந்தது.

“அண்ணி, ஏன் கூப்பிடல?” எரோனி வாசலில் தலையை நீட்டினான். “அண்ணனுக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். அபிசாய் கோணல் வாயால் சிரித்தார்.

“இன்னும் ஆகலடா. கூப்பிடாம இருந்தாதான் வருவேன்னு தெரிஞ்சிருந்தா, இவ தொண்டையாவது மிச்சமாயிருக்கும்.”

எரோனி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். “எஞ்சின்...” என்று ஆரம்பித்தான்.

“மீனுங்க ஓட்டிக்கிட்டுப் போகட்டும், விடு.”

வாசேமதாவுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் பொங்கியது. அவள் கத்தியதெல்லாம் இவன் காதில் விழுந்திருக்கிறது. அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு தினமும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறான்.

“அழுதது போதும், எழுந்திரு” என்றாள். “அவரை அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கணும். முதுகெல்லாம் புண்ணு. தோளைப் பிடி.”

அவன் தோளைப் பிடித்தான், அவள் இடுப்பைப் பிடித்தாள். இத்தனை நாளும் அவள் ஒருத்தியாகத் தூக்கிய உடம்பு, பாதி பாரத்தோடு மேலே எழும்பியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.