கடைசிப் பதினைந்து நிமிடம்

ஐஸ்பெட்டியைத் தூக்கி வந்த இரண்டு பேரும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். கூடத்தில் பெட்டி வைக்க இடமில்லை. மூன்று பக்கச் சுவரிலும் வீடியோ கேசட், தரையில் கேசட், டிவி மேசைக்கு அடியில் கேசட். நடுவில் கிடந்த பெஞ்சில் ரெத்தினம் தாடை கட்டப்பட்டுப் படுத்திருந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

“எங்கம்மா வைக்கிறது?” என்றான் பெட்டிக்காரன்.

மலர்க்கொடி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, குறுக்கே நின்ற அலமாரியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளினாள். மேல்தட்டுக் கேசட்டுகள் சடசடவென்று கொட்டின. பொறுக்கக் குனிந்த மகன் பரிதியைக் கெடக்கட்டும் விடு என்று அதட்டிவிட்டு, காலாலேயே ஓரமாக ஒதுக்கினாள். துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டியவன் செத்துக் கிடக்கிறான், இவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லையே என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

ஊரில் ரெத்தினத்துக்குக் கேசட் கிறுக்கு என்று பேர். ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். எங்கே ஒரு பழைய வீடியோ கடையைக் காலி செய்கிறார்கள் என்று காதில் விழுந்தாலும் சாக்கோடு பஸ் ஏறிவிடுவார். பேராவூரணி, பட்டுக்கோட்டை, பூதலூர் என்று அவர் போகாத ஊர் இல்லை. கடைக்காரன் ஐம்பது சொன்னால் ஐந்துக்குக் கேட்பார். இதெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேசட்டைத் தூசு தட்டித் தூரப் போடுவார். வேண்டும் என்பது முகத்தில் தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடும் என்று அவருக்குப் பயம்.

இவ்வளவு வாங்கினாரே தவிர, ஒரு படத்தையும் அவர் பார்த்ததில்லை. கேசட்டை டெக்கில் போட்டுக் கடைசி வரை வேகமாக ஓட்டுவார். படம் முடிந்த பிறகு நாடாவில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவருக்கு வேண்டும்.

அது ஏன் என்று மலர்க்கொடிக்குத் தெரியும். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், ஆர்த்தி. தம்பி பரிதிக்குக் காது குத்தியபோது அவளுக்கு ஐந்து வயது. தம்பி அழுகிறானென்று ஆசாரியின் கையைக் கடித்துவிட்டுப் பந்தலைச் சுற்றி ஓடினாள். அதை வீடியோ எடுத்திருந்தார்கள். மறு வருஷம் மூளைக்காய்ச்சலில் மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தாள். ஓடி ஆடிப் பேசுகிற ஆர்த்தி அந்தக் கேசட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தாள். அடுத்த பொங்கலுக்கு டிவியில் புதுப்படம் போட்டான். ரெத்தினம் ஏதோ ஒரு கேசட்டை எடுத்து டெக்கில் செருகிப் பதிவு பண்ணினார். செருகியது காதணி விழாக் கேசட்.

படமெடுத்த ஸ்டுடியோக்காரரிடம் ஓடினார். அவரிடம் மூலக் கேசட் இருந்தது. ஆனால் அதன்மேல் ஏதோ படத்தை ஏற்றி வாடகைக்கு விட்டுவிட்டாராம். எந்தப் படமென்று நினைவில்லை. மூன்று மணிநேர நாடாவில் படம் இரண்டே முக்கால் மணிதானே ஓடும், கடைசியில் பழசு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று அந்த மனிதர் ஆறுதலுக்குச் சொல்லி வைத்தார். பிறகு கடையை மூடி, கேசட்டுகளை ஊர் ஊராக விற்றும் விட்டார். அன்றைக்குப் பிடித்தது ரெத்தினத்துக்கு.

இருபத்தைந்து வருஷம். தப்புப் பண்ணிவிட்டேன் மலர் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராத மனிதர், அதற்குப் பதிலாக ஆயிரத்து நானூறு கேசட் வாங்கினார். ஒருநாள்கூட அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. நேற்றுச் சாயங்காலம் பூதலூரிலிருந்து மழையில் நனைந்துகொண்டு அவர் சாக்கோடு வந்து நின்றபோதும், சோறு இருக்கிறது, போட்டுத் தின்னுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். காலையில் பார்த்தால் சோறு தட்டில் போட்டபடியே இருந்தது.

பதினோரு மணிக்கு ஜாபிர் மாலையோடு வந்தார். அதிராம்பட்டினத்தில் பழைய சாமான் வியாபாரம். எந்தக் கடையில் சரக்கு இறங்கியிருக்கிறது என்று ரெத்தினத்துக்குப் போன் போட்டுக் கூப்பிடுகிறவர் அவர்தான். அதனால் அவரைக் கண்டாலே மலர்க்கொடிக்கு ஆகாது. மாலையைப் போட்டுவிட்டு அவர் பரிதியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். சென்னையில் காபிக் கடைக்காரர்கள் சுவரில் அலங்காரத்துக்குக் கேசட் அடுக்குகிறார்களாம். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், சாயங்காலம் வண்டி வரும் என்றார். பரிதி விலைகூடக் கேட்கவில்லை. தொலைந்தால் சரி என்று தலையாட்டிவிட்டான். அக்காவின் முகமே அவனுக்கு நினைவில் இல்லை.

ஜாபிர் அவளிடமும் வந்து துக்கம் சொன்னார்.

“நேத்து நீங்கதான வரச் சொன்னீங்க?” என்றாள் அவள்.

“ஆமாம்மா. அந்த ஸ்டுடியோ முத்திரை குத்துன கேசட்டு ஒரு கட்டு வந்திருந்துச்சு.”

“கூப்புட்டுக் கூப்புட்டே கொன்னுட்டீங்க.”

அவர் நேற்று நடந்ததைத் தரையைப் பார்த்தபடி சொன்னார். ரெத்தினம் இரண்டு மணிநேரம் நின்று பேரம் பேசினாராம். நடுவில் நெஞ்சைத் தடவிக்கொண்டு படியில் உட்கார்ந்தாராம். டாக்டரிடம் போகலாம் என்று ஜாபிர் கையைப் பிடித்து இழுத்ததற்கு, இப்போது எழுந்து போனால் அவன் விலையை ஏற்றிவிடுவான் என்று சொல்லி உதறிவிட்டாராம். ஏழு கேசட் படிந்தது. மிச்சத்துக்குக் கடைக்காரன் இறங்கி வரவில்லை.

மலர்க்கொடிக்குச் சுரீரென்றது. படுபாவி, அங்கேயே வலி வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும்படி தான் எங்கே நின்றோம் என்ற நினைப்பும் கூடவே வந்தது, அதுதான் இன்னும் எரிந்தது.

“ஏழு கேசட்டையும் பாத்துட்டாராம்மா?” என்றார் ஜாபிர்.

அவள் மூலையைப் பார்த்தாள். சாக்கின் வாய்க் கட்டு அவிழ்க்கப்படாமலே இருந்தது.

மூன்று மணிக்கு நீர்மாலை எடுத்து வந்தார்கள். தப்பு அடி தெருவையே அதிர வைத்தது. ஐஸ்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குளிப்பாட்டுவதற்காக ரெத்தினத்தைக் கொல்லைக்குத் தூக்கிப் போனார்கள். கூடம் காலியானது. மலர்க்கொடி அந்தச் சாக்கெட்டில் டிவி வயரைச் செருகினாள். சாக்கை அவிழ்த்தாள். முதல் கேசட்டை டெக்கில் தள்ளி, அவர் அழுத்துகிற பொத்தானை அழுத்தினாள். தினமும் கேட்டுப் பழகிய அந்த விர்ரென்ற சத்தம் எழுந்தது.

சாவு வீட்டில் டிவி ஓடினால் சும்மா இருப்பார்களா? கொல்லையிலிருந்து ரெங்கம்மாள் வேகமாக வந்தாள். ரெத்தினத்தின் அக்கா, தம்பியைப் பறிகொடுத்து அழுது தொண்டை கட்டியிருந்தது.

“எண்ணெ வைக்க உன்னத்தான் தேடுறாங்க. நீ படம் பாக்குறியா? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியாடி?”

மலர்க்கொடி திரும்பவில்லை.

“இருபத்தஞ்சு வருசம் நான் காத்துக் கெடந்தேன் அண்ணி. அவரு அரைமணி நேரம் இருக்கட்டும்.”

ரெங்கம்மாள் அப்படியே நின்றாள். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் காறித் துப்பினார். பரிதி வந்து அம்மாவின் தோளைத் தொட்டான், அவள் தட்டிவிட்டாள்.

முதல் கேசட்டில் படம் முடிந்து வெறும் புள்ளிகள் இரைந்தன. இரண்டாவதில் யார் வீட்டுக் கல்யாணப் பந்தியோ ஓடியது. மூன்றாவது நாடா சிக்கி நின்றது. விரலை விட்டு இழுத்துச் சரிசெய்து ஓட்டினாள், ஒன்றுமில்லை. நான்காவதில் மாட்டுச் சந்தை. ஐந்தாவதில் படம் அறுந்து ஒரு பந்தல் வந்தது. வாழைமரம், நாற்காலிகள். பச்சைப் பாவாடையில் ஒரு பெண் குழந்தை முதுகைக் காட்டியபடி ஓடிற்று. மலர்க்கொடி முழங்காலாலேயே நகர்ந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். ரெங்கம்மாளும் தன்னை அறியாமல் குனிந்தாள். குழந்தை திரும்பியது. வேறு யாரோ.

ஆறாவதில் இருந்ததும் வேறு ஊர். ஏழாவதைப் போட்டபோது தப்படி நின்றுவிட்டது. அடித்தவர்கள் களைத்துப்போய் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கொல்லையில் நனைந்த வேட்டியோடு ரெத்தினம் நாற்காலியில் சாத்தி வைக்கப்பட்டிருந்தார். வெட்டியான் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். ரெங்கம்மாள்தான் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தி வைத்தாள். கடைசிப் படத்தின் கடைசிச் சண்டை மின்னலாய் ஓடி முடிந்தது. புள்ளிகள். மலர்க்கொடி ஓட்டத்தை நிறுத்திச் சாதா வேகத்தில் விட்டாள். புள்ளிகள். பன்னிரண்டு நிமிடம், நாடா தீர்ந்து தானாகப் பின்னால் சுற்ற ஆரம்பிக்கும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

பிறகு எழுந்து போய் எண்ணெய் வைத்தாள். உச்சியில் வைத்த கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. யாரோ ஒரு பெண் அவளை அணைத்து அழச் சொன்னாள். அவள் விலகிக்கொண்டாள். பாடையைத் தூக்கினார்கள்.

ஆண்கள் தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிடக் குடங்களோடு வந்தார்கள். வண்டிக்காகக் காத்திருந்த ஜாபிரை மலர்க்கொடி வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். ஒன்றும் விற்பதற்கில்லை என்றாள். அவர் சரியென்று செருப்பை மாட்டினார்.

“பூதலூர்ல இன்னும் எத்தன இருக்கு?”

அவர் நிமிர்ந்தார். “முப்பது, நாப்பது இருக்கும்மா.”

“சொல்ற வெலைக்கு வாங்கிடாதீங்க.”

உள்ளே முதல் குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். மலர்க்கொடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி, அலமாரிக்கு முன்னால் குனிந்து நின்று, அந்தப் பக்கம் வந்த தண்ணீரையெல்லாம் வாசலைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.