இயந்திரத்தின் சாயல்

மீன் ஆலையில் வேலை பார்த்தவளின் மகளுக்கு மூன்று வயதில், வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்ட வளர்ப்பு இயந்திரத்தின் முகச்சாயல் வந்தது. முதலில் காதுகள் சிறுத்துத் தலையோடு ஒட்டின. அடுத்த மழைக்காலத்துக்குள் கண்கள் விலகி உட்கார்ந்தன. இயந்திரத்தின் இடது கன்னத்தில் திருகாணி இறங்கிய இடத்தில் ஒரு பள்ளம் உண்டு; குழந்தை சிரித்தால் அதே இடத்தில் குழி விழுந்தது. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரி, "அப்படியே உரிச்சு வெச்சிருக்கே!" என்று இயந்திரத்திடம் சொன்னாள். அது நன்றி சொன்னது.

ஆலைக்காரி அநாதை விடுதியில் வளர்ந்தவள். தன் மூக்கு யாருடைய மூக்கு என்று சொல்ல அவளுக்கு யாரும் இருந்ததில்லை. கணவன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தான். மகள் ஆலைக்காரியின் அதே மூக்கோடு பிறந்தாள். பள்ளியில் சேர்த்த வருடம் அதுவும் போயிற்று.

அந்தப் பள்ளியின் காவலர் அடையாள அட்டையை நம்பமாட்டார். முகத்தோடு முகம் ஒத்துப்பார்த்துத்தான் பிள்ளையை வெளியே விடுவார். ஒருநாளாவது மகளைத் தானே கூட்டி வர வேண்டும் என்று ஆலைக்காரி அரைநாள் விடுப்பு எடுத்து, மீன்வாடை போகக் கையில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு போனாள்.

"யாரும்மா நீங்க?"

"அவ அம்மா."

"ஜாடையே இல்லியேம்மா. இவ அம்மாவ எனக்குத் தெரியாதா? தினம் வர்ற இரும்புக்காரம்மா. அவங்களையே வரச் சொல்லுங்க."

இயந்திரம் வந்து மகளை வாங்கிக்கொண்டது. ஆலைக்காரி அவர்களுக்கு ஓரடி பின்னால் நடந்தாள்.

அந்த வாரமே ஆலையின் குளிரறையிலிருந்து காய்ச்சலோடு திரும்பினாள். இயந்திரம் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டது. தலையில் சிக்கெடுத்தது. மருந்துக் கரண்டியை நீட்டி, "வாயத் திற" என்றது.

"நான் என்ன குழந்தையா?"

"திற. இன்னும் ஒரே ஒரு வாய்."

அதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. திறந்தாள். காய்ச்சல் விட்ட பிறகும் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் விரல் நுனியில் வெப்பமானி இருந்தது, அதற்குத் தெரியும். ஆனாலும் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவள் காதுகள் சிறுத்துத் தோடுகள் கழன்று விழுந்தன. ஆலையில் எல்லாரும் முகமூடி போட்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பழைய மூக்கு போன அன்று மட்டும் கண்ணாடி முன்னால் சற்று நேரம் அழுதாள். பிறகு மறுபடியும் அரைநாள் விடுப்பு எடுத்தாள்.

காவலர் அவளைப் பார்த்ததுமே கதவைத் திறந்துவிட்டார். "ஏ வாலு! உங்கக்கா வந்திருக்காங்க பாரு."

திருத்தலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் மகள் ஓடி வந்து, பையை அவள் தோளில் மாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வரலியா?" என்று கேட்டாள்.

"வீட்டுல இருக்காங்க. வா, நேரமானா தேடுவாங்க."

இன்றும் அந்தத் தெருவில், இயந்திரத்துக்கு இரண்டு பெண்கள், மூத்தது மீன் ஆலைக்குப் போகிறது என்றுதான் சொல்கிறார்கள்.