நூற்றி இருபத்தாறு தலை

சித்தியும் சித்தப்பாவும் ஆற்றங்கரையில் பதினோராம் மாடியில் ஒரு வீடு வாங்கினார்கள். வாங்கிய கையோடு வேலைக்கென்று வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். பூட்டிக் கிடந்தால் வீடு பாழாகிவிடுமாம். தபால் வழியில் பட்டம் படித்துக்கொண்டிருந்த என்னைக் குடிவைத்தார்கள். வீட்டை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னை யார் பார்த்துக்கொள்வது என்பது பேச்சில் வரவில்லை.

முன்பு அந்த இடம் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை. இப்போது மதில் நெடுக ‘வீடு, வேலை, கடை எல்லாம் ஒரே இடத்தில்’ என்று எழுதியிருந்தது. மொத்தம் நூற்றி எண்பது வீடு. எல்லாம் விற்றுவிட்டன. வாங்கியவர்கள் விலை ஏறட்டும் என்று காத்திருந்ததால் குடிவந்தவன் நான் ஒருவன். பழைய பாய்லர் கூடத்தை உடற்பயிற்சிக் கூடமாக்கியிருந்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு வியர்த்த இடத்தில் இனிமேல் சந்தா கட்டி வியர்க்கலாம். பட்டறைக் கிரேனுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, பக்கத்தில் ‘இது கிரேன்’ என்று பலகை வைத்திருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் பன்னிரண்டு கடைகளுக்கு இடம். திறந்திருந்தது அக்காவின் டீக்கடை மட்டும். கட்டட வேலை நடந்தபோது கொத்தனார்களுக்கு டீ ஊற்றியவர். வேலை முடிந்ததும் கண்ணாடிக் கதவு போட்டு அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டார்கள். நானும் வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணனும்தான் வாடிக்கையாளர்கள்.

“என்ன தம்பி, ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?” என்பார் அக்கா. எல்லாரும் என்றது என்னை.

“எல்லாரும் இப்பதான் குளிச்சிட்டு வர்றாங்க அக்கா.”

“காதுக்குப் பின்னாடி சோப்பு இருக்கு. பாதிப் பேர் குளிக்கல போல.”

ஒரு நாளைக்கு நான் பேசுவது அவ்வளவுதான். ஆனாலும் அதற்காகத்தான் சட்டை மாற்றிக்கொண்டு இறங்குவேன்.

மாத ஆரம்பத்தில் கட்டட மேனேஜர் வந்தார். கதவுக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஒட்டினார்.

“உள்ளே வர்ற தலையை இது எண்ணும். ஒரு நாளைக்கு நாற்பது தலை வரணும். இல்லேன்னா மாசக் கடைசியில கடையை எடுத்துடுவோம்.”

“நாற்பது தலைக்கு நான் எங்க சார் போவேன்?” என்றார் அக்கா. “இருக்கிறதே ரெண்டு. அதுல ஒண்ணு சொட்டை.”

“என் தலையை ஏன் இழுக்கிறே?” என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

மதியம் அக்கா கிளாஸ் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போவார். அந்த அரை மணி நேரத்தில் நான் உள்ளே போவேன், வெளியே வருவேன், மறுபடி உள்ளே போவேன். கருவிக்கு முகம் தெரியாது என்று தெரிந்தும் இருபதாவது தடவை தொப்பி போட்டுக்கொண்டேன். நாற்பதோடு நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று தினமும் நாற்பத்தொன்று போனேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் ஒருத்தன்தான் இத்தனை பேர் என்று தெரிந்தால் அக்காவுக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

மாதக் கடைசியில் மேனேஜர் பல்லெல்லாம் தெரிய வந்தார்.

“சராசரி எவ்வளவு தெரியுமா? நூற்றி இருபத்தாறு!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செக்யூரிட்டி அண்ணன் கூரையைப் பார்த்தார். அக்கா துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்தார்.

“இவ்வளவு கூட்டம் வர்ற இடத்துல டீக்கடையா? பக்கத்து ரெண்டையும் சேர்த்து இடிச்சு பெரிய ஹோட்டலுக்குக் கொடுக்கிறோம். பேசியாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க.”

“சார், அந்தக் கூட்டம் நான்தான்,” என்றேன்.

“எந்தக் கூட்டம்?”

“நாற்பத்தொண்ணு. மதியம்.”

செக்யூரிட்டி அண்ணன் வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினார். “எனக்கும் நாற்பத்தொண்ணு சார். விடியக்காலையில, கதவைத் திறக்கிறப்போ. முட்டிவலியோட.”

“மிச்சம் நான்,” என்றார் அக்கா. “சாயங்காலம், கூட்டிப் பெருக்கின பிறகு.”

மேனேஜர் கையிலிருந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப நிஜமா வர்றது எத்தனை பேர்?”

“ரெண்டு.”

“அப்ப நாற்பதுக்குக் கீழே. வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க.”

வெள்ளிக்கிழமை அடுப்பை நான் தூக்கினேன். பாத்திரங்களை அண்ணன் தூக்கினார். வண்டியில் ஏறும்போது அக்கா கேட்டார்.

“எனக்குப் பொழப்பு, நடந்தேன். நீ எதுக்குடா நடந்தே?”

“சும்மாதான் அக்கா. உடம்புக்கு நல்லதுன்னு.”

அக்கா என் காதுக்குப் பின்னால் பார்த்தார். வண்டி போய்விட்டது.

திங்கட்கிழமை சுவர்களை இடித்தார்கள். ஹோட்டல்காரர்கள் வந்து ஒரு மதியம் முழுக்க வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் வரவில்லை, அவர்களும் திரும்ப வரவில்லை. அண்ணனை எடுத்துவிட்டுத் தானாகத் திறக்கும் கதவை வைத்தார்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை சித்தி போன் செய்தாள்.

“என்னடா, குரல் கரகரங்குது? சளியா?”

“இல்ல சித்தி. நாலு நாளா பேசல, அதான்.”

“ஐயையோ,” என்றாள் சித்தி. “யாரோட சண்டை?”