சோப்பு வேர்த்த மழைக்காலம்

"ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணும் இல்ல டீச்சரே. கோளாறு உங்க கையிலதான்."

"என் கைக்கு என்னவாம்?"

"பொறுமை இல்ல. சில்லுனு இருக்கற சோப்பை வெளிய எடுத்த கையோட தாளைப் பிரிக்கிறீங்க. கர்க்கடக மாச மழையில காத்து பூரா ஈரம். அது சோப்பு மேல உட்காராம எங்க போகும்? சுத்தினது சுத்தினபடி மேஜையில வைங்க. நாலு மணி நேரத்துல குளிர் போயிடும், அப்புறம் பிரிங்க. ஒரு சொட்டு வேர்க்காது."

"நாலு மணி நேரமா? அதுக்குள்ள ஆடு குட்டியே போட்டுரும்."

"போடட்டும். ஃப்ரிட்ஜுல அந்த மத்திக் கறியை மட்டும் வேற தட்டுக்கு மாத்துங்க. கல்யாணத்துக்கு வர்றவங்க மீன் வாசனையோட குளிக்கவா?"

ஒன்றரை மாதத்துக்கு முன் நடந்த அந்தப் பேச்சு திரேசியாவுக்கு ஒரு வார்த்தை குறையாமல் நினைவிருந்தது. மானந்தவாடிப் பள்ளியில் அவள் தையல் டீச்சர். கணவர் இறந்து எட்டு வருஷம். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு ஆட்டுப்பால் சோப்பு கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். சோப்புக்குச் சேர்க்கும் காரத்தின் சூட்டில் பால் கருகாமலிருக்க, ஊற்றிய அச்சைத் தாளில் சுற்றி உடனே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். முதல் தடவை வெளியே எடுத்தபோது சோப்பெல்லாம் முத்து முத்தாக வேர்த்துவிட்டது. பதறிப்போய் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பைலியைக் கூப்பிட்டாள்.

அவர் சொன்னதை அவள் மறக்கவில்லை. கேட்கவுமில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் அச்சை எடுத்ததுமே தாளைப் பிரித்தாள். சோப்பு வேர்த்தது. பைலி குடையும் சின்ன மேஜை விசிறியுமாக வந்து, ஒவ்வொரு கட்டியாகத் துணியால் ஒற்றி, காற்றில் அடுக்கி வைத்தார். கூலி வாங்கவில்லை, அவித்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் பால் விடாத கட்டன் சாயாவும் போதுமென்றார். தனிக்கட்டை. வீட்டுக்குத் திரும்ப என்றுமே அவசரப்பட்டதில்லை. அவர் போனபின் வீடு வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும்.

இன்று கடைசி அச்சு. இனி சோப்பு இல்லை, வேர்வை இல்லை, சனிக்கிழமையும் இல்லை. காலையில் அச்சை மேஜையில் வைத்துவிட்டு முதலில் ஃபோன் செய்தாள்.

"பைலிச்சேட்டா, மறுபடியும் வேர்த்துருச்சு."

ஃபோனை வைத்துவிட்டுத் தாளில் கை வைத்த நேரம், கொட்டில் ஆடுகளில் சினையாக இருந்த அம்மிணி அலறியது. முதல் பிரசவம். ஓடினாள். இரண்டு குட்டிகளும் பிறந்து, துடைத்து, பால் குடிக்க வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. உள்ளே பைலி மேஜைக்குமுன் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சரே, காலையில வேர்த்துருச்சுன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"சுத்தின தாள் சுத்தினபடி இருக்கு. உள்ள வேர்த்தது எப்படித் தெரிஞ்சுது?"

திரேசியாவுக்குக் காது மடல்வரை சுட்டது. அவர் மெதுவாகத் தாளைப் பிரித்தார். பால் வெள்ளையாக, பொட்டு ஈரமில்லாமல் இருந்தது சோப்பு. புறங்கையால் தடவிப் பார்த்தார்.

"ஆடு குட்டி போட்டாத்தான் என் பேச்சைக் கேப்பீங்க போல." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றது. விசிறியின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். "நல்லது. இனி நான் வர வேண்டிய வேலையில்ல."

ஒயர் சுருட்டி முடிந்தது. அதையே அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார்.

ஆட்டுக்குட்டியின் ஈரம் காயாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரேசியா வாசலை மறித்து நின்றாள்.

"முதல் நாளே எனக்குப் புரிஞ்சுது, பைலிச்சேட்டா. வேணும்னுதான் பிரிச்சேன்." கை நீட்டி அவரிடமிருந்த விசிறியை வாங்கிக்கொண்டாள். "அந்த விசிறி இங்கயே இருக்கட்டும். நீங்களும் இருந்துடுங்க. இனிமே திரும்பிப் போகாதீங்க."